கணினி ஆட்டங்களில் ஃபிரேம் ரேட் ஏறாமல் நிற்பதும் திக்குவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் கணினி பழுதுபார்க்கும் சிறிய கடை ஒன்றை நடத்தி வருகிறேன். வண்ணாரப்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் கொண்டுவரும் குறை ஒன்றுதான்: ஆட்டம் ஓடுகிறது, ஆனால் சீராக ஓடவில்லை. அவர்களில் பலர் புதிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்குவதென்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு, ரிச்சி தெருவில் எந்தக் கார்டை வாங்கலாம் என்று கேட்பதற்காகத்தான் வருகிறார்கள். கையில் இருப்பது பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணமாகவோ, அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த பணமாகவோ இருக்கும். திறந்து பார்த்தால், கார்டில் ஒரு குறையும் இருக்காது. அந்தப் பணம் வீணாகக் கூடாது என்பதால், கடையில் திரும்பத் திரும்பச் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இவை பொருந்தும்.

திரையின் மூலையில் 60 என்று காட்டுகிறது. ஆனாலும் ஆட்டம் திக்குகிறதே, ஏன்?

அந்த 60 என்பது ஃபிரேம் ரேட், அதாவது ஒரு விநாடிக்குள் திரைக்கு வந்த ஃபிரேம்களின் (தனித்தனிப் படங்களின்) எண்ணிக்கை மட்டுமே; அவை எந்த இடைவெளியில் வந்தன என்பதை அது சொல்வதில்லை. விநாடிக்கு 60 ஃபிரேம்கள் சீராக வர வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லி விநாடி கிடைக்கும். 144 ஃபிரேம்கள் என்றால் 6.9 மில்லி விநாடிதான் கிடைக்கும். இப்போது ஒரே ஒரு ஃபிரேம் மட்டும் 150 மில்லி விநாடி எடுத்துக்கொண்டு, மற்றவை எல்லாம் தலா 14 மில்லி விநாடியில் வந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் அந்த விநாடியிலும் 60 ஃபிரேம்களுக்கு மேல் வந்திருக்கும், மூலையில் உள்ள எண் அசையாது, ஆனால் அந்த 150 மில்லி விநாடி நிறுத்தத்தை உங்கள் கண் தவறாமல் பிடித்துவிடும்.

நமக்குத் தெரிந்த பேருந்துக் கணக்குதான் இது. மணிக்கு ஆறு பேருந்துகள் என்று அட்டவணையில் இருக்கலாம். ஐந்து பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வந்துவிட்டு, ஆறாவது முக்கால் மணி நேரம் கழித்து வந்தாலும் கணக்கு சரியாகத்தான் இருக்கும், நிறுத்தத்தில் நிற்பவருக்கு மட்டும் சரியாக இருக்காது. ஆகவே ஃபிரேம் ரேட்டை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு ஃபிரேமும் எடுத்துக்கொள்ளும் நேரமாகிய ஃபிரேம் டைமைப் பார்க்கப் பழக வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போகும் பெரும்பாலானவை இதிலிருந்துதான் தொடங்குகின்றன.

ஃபிரேம் டைமை எப்படிப் பார்ப்பது?

எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளை நிறுவினால், அதனுடன் ரிவாடியூனர் என்ற துணை மென்பொருளும் வரும். எந்த நிறுவனத்தின் கார்டாக இருந்தாலும் இது வேலை செய்யும். அதன் கண்காணிப்புப் பகுதியில் ஃபிரேம் ரேட், ஃபிரேம் டைம், கிராஃபிக்ஸ் கார்டின் பயன்பாடு, அதன் வெப்பநிலை, அதன் நினைவகம், ப்ராசஸரின் ஒவ்வொரு கோரின் (அதற்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதியின்) பயன்பாடு, ப்ராசஸரின் வெப்பநிலை, ரேம் ஆகியவற்றைத் திரையில் காட்டும்படி வையுங்கள். ஃபிரேம் டைமை எண்ணாக இல்லாமல் கோட்டு வரைபடமாகக் காட்டச் சொல்வது மிக முக்கியம். கோடு மேசை விளிம்புபோல் நேராக ஓடினால் ஆட்டம் சீராக இருக்கிறது. முள்முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றால், ஒவ்வொரு முள்ளும் நீங்கள் உணர்ந்த ஒவ்வொரு திக்கல்.

அடுத்து, முள் எழும் அந்தக் கணத்தில் மற்ற எண்களில் எது மாறுகிறது என்று பாருங்கள். கார்டின் பயன்பாடு 97 அல்லது 99 விழுக்காட்டில் நின்றால் கார்டு தன் முழு பலத்தையும் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அது 60 விழுக்காட்டில் இருக்க, ஃபிரேம் ரேட்டும் குறைவாக இருந்தால், கார்டு வேறு எதற்கோ காத்திருக்கிறது. ப்ராசஸரின் மொத்தப் பயன்பாடு 40 விழுக்காடுதான் என்று சொல்லி அதை விடுவித்துவிட வேண்டாம். ஆட்டத்தின் முக்கிய வேலையைச் சுமக்கும் ஒற்றைக் கோர் 100 விழுக்காட்டைத் தொட்டு மூச்சுத்திணறிக்கொண்டிருக்கலாம். சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். ரெசல்யூஷனை, அதாவது படத்தில் இருக்கும் புள்ளிகளின் எண்ணிக்கையை, 1080-இலிருந்து 720-க்கு இறக்கிப் பாருங்கள். ஃபிரேம் ரேட் நன்றாக ஏறினால் தடையாக இருந்தது கார்டு. துளியும் ஏறாவிட்டால் தடை ப்ராசஸரிலோ, ரேமிலோ, எங்கோ வைக்கப்பட்டுள்ள ஒரு வரம்பிலோ இருக்கிறது. ஐந்து நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனையைச் செய்யாமல் கார்டு வாங்கச் செல்ல வேண்டாம் என்று என்னிடம் வரும் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

"லேக் அடிக்கிறது" என்பதும் இதுதானா?

நம் பேச்சில் எல்லாமே லேக் என்று ஆகிவிட்டது; ஆனால் இணையத் தாமதம் வேறு, ஃபிரேம் திக்கல் வேறு. எதிராளி மட்டும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுகிறான், நீங்கள் சுட்ட குண்டு தாமதமாகப் பதிகிறது, ஆனால் மவுஸைத் திருப்பினால் உங்கள் பார்வை வழுக்கிக்கொண்டு திரும்புகிறது என்றால், கோளாறு இணைப்பில் இருக்கிறது. மவுஸைத் திருப்பும்போதே காட்சி வெட்டி வெட்டி நகர்ந்தால் கோளாறு கணினியில் இருக்கிறது. முதல் வகைக்கு வைஃபையை விட்டுவிட்டு ரவுட்டரிலிருந்து லேன் கேபிளை நேரடியாக இழுத்துப் பாருங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய நம் தெருக்களிலும் ஹவுசிங் போர்டு குடியிருப்புகளிலும் பத்துப் பதினைந்து ரவுட்டர்களின் அலைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருக்கும்.

எல்லா செட்டிங்ஸையும் குறைத்துவிட்டேன். ஆனாலும் 60-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. என்ன காரணம்?

ஃபிரேம் ரேட் மேலும் கீழும் ஆடாமல் 30, 60, 144 போன்ற ஓர் எண்ணில் ஆணி அடித்ததுபோல் நிற்குமானால், அது கணினியின் பலவீனம் அல்ல; யாரோ எங்கோ வரம்பு வைத்திருக்கிறார்கள். பலவீனமான கணினி 47, 53, 58 என்று ஆடிக்கொண்டிருக்கும், ஓரிடத்தில் நிற்காது.

முதலில் மானிட்டரைப் பாருங்கள். சென்ற ஆண்டு ஒரு கல்லூரி மாணவர், 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் (விநாடிக்கு 144 முறை படத்தை மாற்றக்கூடியது) வாங்கி ஆறு மாதம் ஆகியும் பழைய மானிட்டருக்கும் இதற்கும் வேறுபாடே தெரியவில்லை, தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று மனம் நொந்து வந்தார். மானிட்டர் சரியாகத்தான் இருந்தது. விண்டோஸ் அதை 60 ஹெர்ட்ஸிலேயே இயக்கிக்கொண்டிருந்தது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் டிஸ்ப்ளே, அதற்குள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று சென்றால் ரெஃப்ரெஷ் ரேட் என்ற இடம் வரும். அங்கே 144-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது பட்டியலிலேயே இல்லையென்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். பழைய எச்.டி.எம்.ஐ. 1.4 இணைப்பில் 1080 ரெசல்யூஷனுக்குப் பெரும்பாலும் 120 ஹெர்ட்ஸ் வரைதான் செல்லும், ஆகவே டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைப் பயன்படுத்துவது நல்லது. கேபிள் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்பதையும் பின்பக்கம் குனிந்து பார்த்துவிடுங்கள். மதர்போர்டின் துளையில் செருகிவிட்டு, கீழே கிடைமட்டமாக இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டின் துளைகளைக் காலியாக விட்டிருப்பவர்களை மாதத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன்.

மானிட்டர் சரி என்றால் வரம்புகளைத் தேட வேண்டும். ஃபிரேம்களை மானிட்டரின் வேகத்தோடு ஒத்துப்போகும்படி நிறுத்தி அனுப்பும் வி-சிங்க் ஆட்டத்துக்குள்ளேயே இயங்கிக்கொண்டிருக்கலாம், அல்லது ஃபிரேம் ரேட் வரம்பு தனியாக வைக்கப்பட்டிருக்கலாம். வலோரன்ட் போன்ற ஆட்டங்களில் மெனுவில் இருக்கும்போது, பின்னணியில் இருக்கும்போது, பேட்டரியில் ஓடும்போது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. கார்டு என்விடியா நிறுவனத்துடையது என்றால் அதன் கண்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃபிரேம் ரேட் என்ற வரம்பும், ஏ.எம்.டி. நிறுவனத்துடையது என்றால் அதன் மென்பொருளில் ரேடியான் சில் என்ற வசதியும் இருக்கின்றன. ரிவாடியூனரிலும் ஒரு வரம்பு உண்டு. யாரோ யூடியூப் காணொலியைப் பார்த்து என்றோ வைத்துவிட்டு மறந்துபோன வரம்பு பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

சில ஆட்டங்களில் வரம்பு ஆட்டத்தோடு பிறந்தது. 2022-இல் வெளியான எல்டன் ரிங் 60-க்கு மேல் போகாதபடியே உருவாக்கப்பட்டிருக்கிறது. 2011-இல் வந்த ஸ்கைரிம் ஆட்டத்தின் இயற்பியல் கணக்கு ஃபிரேம் ரேட்டோடு பிணைக்கப்பட்டிருப்பதால், வரம்பைக் குறுக்கு வழியில் நீக்கினால் மேசைமேல் இருக்கும் பாத்திரங்கள் தாமாகவே பறக்கத் தொடங்கும். இத்தகைய ஆட்டங்களில் வரம்போடு மல்லுக்கட்ட வேண்டாம்.

60-இல் ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று 30-க்கு விழுகிறது. இடையில் 50, 45 எதுவும் இல்லை. ஏன்?

வி-சிங்க் செய்யும் வேலை அது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. கேட் மூடிய அரை நிமிடம் கழித்து நீங்கள் வந்து சேர்ந்தால், உங்கள் தாமதம் அரை நிமிடம்தான் என்று யாரும் கேட்டைத் திறக்கப் போவதில்லை. மறுபடி திறக்கும்வரை நின்றே ஆக வேண்டும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒவ்வொரு 16.7 மில்லி விநாடிக்கும் ஒருமுறை புதிய படத்தை ஏற்கிறது. உங்கள் ஃபிரேம் 17.5 மில்லி விநாடியில் தயாரானால் முதல் வாய்ப்பைத் தவறவிட்டு, 33.3-ஆவது மில்லி விநாடிவரை காத்திருக்கும். ஒவ்வொரு ஃபிரேமும் இப்படித் தவறவிட்டால் 30. சில தவறவிட்டுச் சில பிடித்தால் அதுவே திக்கல்.

இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. செட்டிங்ஸைக் குறைத்து எப்போதும் 60-க்கு மேலேயே இருக்கும்படி செய்வது முதலாவது. வி-சிங்கை நிறுத்துவது இரண்டாவது. அப்போது படம் குறுக்காகக் கிழிந்ததுபோல் தோன்றும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, மானிட்டரே கார்டின் வேகத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்வது: 2013-இல் என்விடியா அறிமுகப்படுத்திய ஜி-சிங்க், அதன்பின் 2015-இல் மானிட்டர்களில் வரத் தொடங்கிய ஏ.எம்.டி.யின் ஃப்ரீசிங்க் ஆகியவை இதற்காகவே வந்தவை. புதிதாக மானிட்டர் வாங்குவதாக இருந்தால், பெரிய திரையைவிட இந்த வசதிக்கே முதலிடம் கொடுங்கள்.

அப்படியென்றால் நாமே வரம்பு வைப்பது தவறா?

இல்லை; திக்கலுக்கு எனக்குத் தெரிந்த மிக மலிவான மருந்தே அதுதான். உங்கள் கணினி 70-க்கும் 110-க்கும் இடையே ஊசலாடுகிறது என்றால், அதை 70-இல் கட்டி வைத்து ஒருமுறை ஆடிப் பாருங்கள். எண் குறைந்தாலும் கைக்கு இதமாக இருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு ஃபிரேமும் ஏறத்தாழ ஒரே இடைவெளியில் வரும். கார்டும் ப்ராசஸரும் முழு மூச்சில் ஓடாததால் சூடும் குறையும், மின்சாரமும் மிச்சமாகும். ஆட்டத்துக்குள் இருக்கும் வரம்பு பெரும்பாலும் மவுஸ் தாமதத்தைக் குறைவாக வைத்திருக்கும். ஃபிரேம் இடைவெளியைச் சீராக வைப்பதில் ரிவாடியூனர் தேர்ந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் வைக்காமல், ஏதாவது ஒன்றை மட்டும் வையுங்கள். ஜி-சிங்க் அல்லது ஃப்ரீசிங்க் பயன்படுத்துபவர்கள் மானிட்டரின் எல்லைக்கு மூன்று நான்கு ஃபிரேம்கள் கீழே, அதாவது 144 ஹெர்ட்ஸ் என்றால் 140 அல்லது 141-இல் வைத்தால், அந்த வசதி விட்டுவிட்டு இயங்காமல் தொடர்ந்து இயங்கும்.

வலுவான கணினிக்கும் வரம்பு தேவைப்படுவதற்கு ஓர் எடுத்துக்காட்டு, 2015-இல் கணினிக்கு வந்த ஜி.டி.ஏ. 5. அதன் ஃபிரேம் ரேட் 188-ஐ நெருங்கும்போது ஆட்டமே திக்கத் தொடங்கும். புதிய கணினி வாங்கியவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். 120-இல் கட்டி வைத்தால் தீர்ந்தது.

புதிய ஆட்டம் முதல் அரை மணி நேரம் திக்குகிறது, பிறகு சரியாகிவிடுகிறது. இது எதனால்?

ஒளி, புகை, நீர், நெருப்பு போன்றவற்றை எப்படி வரைய வேண்டும் என்று கார்டுக்குச் சொல்லும் சிறு நிரல்களுக்கு ஷேடர் என்று பெயர். ஒவ்வொரு கார்டும், அதை விண்டோஸில் இயக்கும் மென்பொருளாகிய ஒவ்வொரு டிரைவரும் வேறுவேறானவை என்பதால், அவற்றை உங்கள் கணினியிலேயே ஒருமுறை மொழிமாற்றித் தயார் செய்ய வேண்டும். விளையாடிக்கொண்டிருக்கும்போது முதன்முறையாக ஒரு குண்டு வெடிக்கிறது என்றால், அந்த வெடிப்புக்கான ஷேடர் அந்த நொடியில்தான் தயாராகிறது, அதற்காக ஆட்டம் நிற்கிறது. இரண்டாவது வெடிப்பில் திக்கல் இருக்காது. ஆட்டத்துக்கும் கார்டுக்கும் பாலமாக 2015-இல் வந்த டைரக்ட்எக்ஸ் 12-ஐப் பயன்படுத்தும் பல ஆட்டங்களில், குறிப்பாக அன்ரியல் எஞ்சின் என்ற ஆட்டம் உருவாக்கும் மென்பொருளில் உருவானவற்றில், இந்தக் குறை அதிகம்.

சில ஆட்டங்கள் தொடங்கியதுமே ஷேடர்கள் தயாராகின்றன என்று ஒரு பட்டையைக் காட்டும். அதைத் தவிர்க்காமல் முடியும்வரை காத்திருங்கள், பத்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. டிரைவரைப் புதுப்பித்த பிறகு தயாரான ஷேடர்கள் செல்லாமல் போய், மறுபடி முதலிலிருந்து தொடங்கும்; அந்த நாளில் திக்கல் இருந்தால் பதற வேண்டாம். என்விடியா கண்ட்ரோல் பேனலில் ஷேடர் கேஷ் சைஸ் என்பதை 10 ஜி.பி.யாக வைத்துக்கொண்டால், பல ஆட்டங்களை மாற்றி மாற்றி ஆடுபவர்களுக்குப் பழையவை அழியாமல் இருக்கும். கணினியைச் சுத்தம் செய்கிறேன் என்று வாரந்தோறும் இந்தச் சேமிப்பை அழிப்பவர்கள் தங்களுக்குத் தாங்களே திக்கலைத் தேடிக்கொள்கிறார்கள்.

ஓரிடத்தில் நின்றால் சரியாக இருக்கிறது. நகர்ந்தால், அதிலும் வேகமாகச் சென்றால், திக்குகிறது. என்ன செய்வது?

காசிமேட்டிலிருந்து ஒரு பிளஸ் டூ மாணவன் கேபினட்டை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். "அக்கா, வண்டிய எடுத்துனு ஊருக்குள்ள போனாலே ஸ்டக் ஆவுதுக்கா" என்றான். அவன் சொன்னதிலேயே பாதி விடை இருந்தது. பரந்த உலகம் கொண்ட ஆட்டங்களில் நீங்கள் நகர நகர, அடுத்த தெருவின் கட்டடங்களும் சுவர்ப்படங்களும் டிஸ்க்கிலிருந்து ரேமுக்கும் அங்கிருந்து கார்டுக்கும் வந்துகொண்டே இருக்க வேண்டும். இந்தப் பாதையில் எங்கே நெரிசல் ஏற்பட்டாலும் வண்டி ஓட்டும்போதுதான் அது தெரியும்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைப் பார்த்தேன். அவன் வாங்கியது 8 ஜி.பி. ரேம் இரண்டு, மொத்தம் 16; விண்டோஸ் காட்டியதோ 8, இரண்டு துளைகளில் ஒன்று மட்டுமே பயன்பாட்டில் இருப்பதாக. பவர் கேபிளைப் பிடுங்கி, பக்கப் பலகையைக் கழற்றி, இரண்டாவது ரேமை வெளியே எடுத்து விளக்கடியில் சாய்த்துப் பிடித்தேன். தங்க நிறத்தில் பளிச்சென்று இருக்க வேண்டிய தொடுமுனைகளின் வரிசையில், ஓரத்து ஏழெட்டு முனைகள் மட்டும் மங்கிப் பழுப்பேறி, அவற்றின் மேல் மெல்லிய படலம் படிந்திருந்தது. அவன் வீட்டுச் சன்னலைத் திறந்தால் கடல் என்றான். உப்புக்காற்று இரும்புக் கிராதியையே தின்றுவிடும் இடத்தில் இது வியப்பில்லை. வெள்ளை அழிரப்பரால் முனைகளை ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் தூரிகையால் தட்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, காய்ந்தபின் க்ளிக் என்று ஒலிக்கும்வரை அழுத்திச் செருகினேன். 16 என்று காட்டியது. அவன் கடையிலேயே ஆட்டத்தைத் திறந்து, ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வண்டியை ஓட்டினான். திக்கவில்லை. இதை நீங்களே செய்வதானால், ரேமைத் தொடும் முன் கேபினட்டின் இரும்புச் சட்டத்தைத் தொட்டு உடலில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள்.

ஒரே கொள்ளளவாக இருந்தாலும் 16 ஜி.பி. ஒற்றை ரேமைவிட 8 ஜி.பி. இரண்டு சிறந்தது, இரண்டும் சேர்ந்து டூயல் சேனலாக இயங்கும்போது தரவு செல்லும் வழி இரட்டிப்பாகிறது. நான்கு துளைகள் உள்ள மதர்போர்டில், ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். 3200 என்று அட்டையில் அச்சிட்ட டி.டி.ஆர்.4 ரேம், மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்ற முழு வேக அமைப்பை இயக்காவிட்டால் 2133, 2400 அல்லது 2666-இல்தான் ஓடிக்கொண்டிருக்கும். எல்லா மதர்போர்டும் முழு வேகத்தை அனுமதிப்பதில்லை என்றாலும், பார்த்துவிடுவதில் இழப்பு ஒன்றுமில்லை.

ரேம் சரியாக இருந்தால் அடுத்தது டிஸ்க். ஆட்டம் இன்னும் சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்கில் இருந்தால் அதைச் சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி.க்கு மாற்றுங்கள், சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. போதும். இது சராசரி ஃபிரேம் ரேட்டை உயர்த்தாது, முட்களைக் குறைக்கும். எஸ்.எஸ்.டி.யை விளிம்புவரை நிரப்பாமல், ஐந்தில் ஒரு பங்காவது காலியாக வைத்திருங்கள்.

டெக்ஸ்ச்சரை (பொருள்களின் மேல் ஒட்டும் படங்களின் தரத்தை) ஏற்றினால் மட்டும் திக்குகிறது. கார்டு பழுதா?

கார்டின் சொந்த நினைவகம் நிரம்பிவிட்டது. 4 ஜி.பி. கார்டில் 5 ஜி.பி. வேண்டும் என்று ஆட்டம் கேட்டால், மிச்சம் சாதாரண ரேமுக்குச் சென்று வரும். அந்தப் பாதை மெதுவானது. டெக்ஸ்ச்சரை ஒரு படி இறக்கினால் போதும்.

முதல் இருபது நிமிடம் நன்றாக ஓடுகிறது, அதன்பின் கெட்டுப்போகிறது. ஏன்?

வெப்பம். பெரும்பாலான ப்ராசஸர்கள் 95 முதல் 100 டிகிரியைத் தொடும்போது தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. கத்திரி வெயிலில் வெளியே 40 டிகிரி என்றால், தகரக் கூரைக்கோ ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கோ கீழே இருக்கும் அறையில் அதற்கும் மேல் இருக்கும். விசிறி உள்ளே இழுப்பது அந்தக் காற்றைத்தான். எண்ணூர், மணலி பக்கத்துத் தூசியும், லாரிகள் ஓடும் சாலையின் புழுதியும், கடற்காற்றின் ஈரமும் சேர்ந்தால், ப்ராசஸரின் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே படிவது வெறும் தூசியாக இருப்பதில்லை. சாம்பல் நிறக் கம்பளித் துண்டுபோல் ஒட்டிக்கொண்டு, விரலால் பிடித்து இழுத்தால் ஒரே ஏடாகப் பெயர்ந்து வரும். ஊதினால் அது போகாது. விசிறியைக் கழற்றி, தகடுகளின் இடைவெளியில் தூரிகையை விட்டு எடுக்க வேண்டும். கழற்றியது கழற்றியாகிவிட்டது என்று பழைய தெர்மல் பேஸ்ட்டையும் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதியதை வைத்துவிடுங்கள். கடலோரம் இருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது இதைச் செய்வது நல்லது. கேபினட்டைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். லேப்டாப்பை மெத்தையின் மேல் வைத்து ஆடவே வேண்டாம்.

மின்சாரம் போய் வந்தால், அல்லது வோல்டேஜ் குறைந்தால், ஃபிரேம் ரேட் குறையுமா?

மேசைக்கணினியில் குறையாது. மின்னழுத்தம் போதாவிட்டால் அது அணையும் அல்லது தானாக மறுபடி தொடங்கும், அதற்குக் கேபினட்டுக்குள் மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் யு.பி.எஸ்.ஸையும் பார்க்க வேண்டும். லேப்டாப்பின் கதை வேறு. கரண்ட் போனதும் அது பேட்டரிக்கு மாறி, ப்ராசஸரும் கார்டும் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். என்விடியாவின் பேட்டரி பூஸ்ட் இயங்கினால் 30-இல் கட்டியும் விடும். கரண்ட் வந்த பிறகும் 30-இலேயே நின்றால் ஆட்டத்தை மூடித் திறந்து, விண்டோஸின் பவர் மோடு மறுபடி பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸுக்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப்போடு வந்த சார்ஜரை விட்டுவிட்டுக் குறைந்த வாட்ஸ் கொண்ட வேறு சார்ஜரைப் போட்டாலும் இதே நிலைதான்.

ஏ.எம்.டி.யின் ரைசன் ப்ராசஸர் உள்ள கணினியில் எப்போதாவது ஒருமுறை ஒலியோடு சேர்ந்து எல்லாமே ஒன்றிரண்டு விநாடி உறைகிறது. ஆட்டம் ஆடாதபோதும் வருகிறது.

இது அறியப்பட்ட குறை. விண்டோஸ் 11-க்குத் தேவையான டி.பி.எம். என்ற பாதுகாப்பு வசதியை ப்ராசஸருக்குள்ளேயே இயக்கும்போது இது நேர்வதை ஏ.எம்.டி. 2022 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு மே முதல் மதர்போர்டு நிறுவனங்கள் பயாஸ் புதுப்பிப்பில் தீர்வைத் தரத் தொடங்கின. பயாஸ் அதற்கு முந்தையதாக இருந்தால் புதுப்பியுங்கள். புதுப்பிக்கும் நடுவில் கரண்ட் போனால் மதர்போர்டே பயனற்றுப் போகலாம் என்பதால், யு.பி.எஸ். இல்லாமல் இதைத் தொட வேண்டாம். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் வசதியைப் பயன்படுத்துபவர்கள் அதன் மீட்புக் குறியீட்டை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே சொடுக்கில் ஃபிரேம் ரேட்டைக் கூட்டும் பூஸ்டர் மென்பொருள்களை நிறுவலாமா?

வேண்டாம். அவை செய்வதில் பயனுள்ள பகுதியை நீங்களே இலவசமாகச் செய்யலாம்: ஆடும் முன் பிரவுசரை மூடுவது, எக்ஸ்பாக்ஸ் கேம் பாரின் பின்னணிப் பதிவை நிறுத்துவது, அரட்டைக்கான டிஸ்கார்ட், ஆட்டங்கள் விற்கும் ஸ்டீம் ஆகியவை ஆட்டத்தின் மேல் மிதக்கவிடும் ஓவர்லேக்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பது. மற்றவை பயனற்றவை அல்லது தீங்கானவை. விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் எதையெல்லாமோ மாற்றிவிட்டு விண்டோஸே தொடங்காமல் கொண்டுவரப்படும் கணினிகளைச் சரிசெய்வதில் எனக்கு அரை நாள் போகிறது, கொண்டுவந்தவருக்குப் பணம் போகிறது. ரேம் போதாதபோது டிஸ்க்கில் இடம் தரும் பேஜ் ஃபைலை நிறுத்தச் சொல்லும் காணொலிகளையும் நம்ப வேண்டாம். அதை விண்டோஸின் பொறுப்பிலேயே விட்டுவிடுங்கள்.

ஃபிரேம் ஜெனரேஷன் இருந்தால் எல்லாம் தீர்ந்துவிடுமா?

என்விடியா 2022-இலும் ஏ.எம்.டி. 2023-இலும் கொண்டுவந்த இந்த வசதி, உண்மையான இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே கணித்து உருவாக்கிய ஃபிரேமைச் செருகுகிறது. அடிப்படை 60 ஆக இருந்தால் காட்சி மிக அழகாக வழுக்கும். அடிப்படையே 25 ஆக இருந்தால், எண் 50 என்று காட்டினாலும் மவுஸை அசைத்தால் கை கனக்கும். திக்கலுக்கு இது மருந்தல்ல.

எல்லாம் பார்த்தாகிவிட்டது. பணம் செலவழித்தே ஆக வேண்டுமென்றால் எதில் தொடங்குவது?

அளந்த எண்கள் சொல்வதைக் கேளுங்கள். ரேம் எப்போதும் 90 விழுக்காட்டுக்கு மேல் நிரம்பியிருந்தாலோ ஒற்றை ரேம் மட்டும் இருந்தாலோ, அதற்கு இணையான இன்னொன்று. ஆட்டம் ஹார்டு டிஸ்க்கில் இருந்தால் எஸ்.எஸ்.டி. வெப்பம் என்றால் தெர்மல் பேஸ்ட்டும் ஒரு விசிறியும். இவை மூன்றும் சேர்ந்தாலும் நல்ல கார்டு ஒன்றின் விலையைத் தொடாது. ஃபிரேம் டைம் கோடு முள்ளில்லாமல் நேராக ஓடி, கார்டின் பயன்பாடும் 99-இல் நின்று, அப்போதும் ஃபிரேம் ரேட் போதவில்லை என்றால் மட்டுமே கார்டுக்குச் செல்லுங்கள். எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஆட்டத்தின் ஒரே இடத்தில் ஒரே பாதையில் ஓடி, முன்னும் பின்னும் வந்த எண்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

அத்தனையும் செய்த பிறகும் ஒரே ஓர் ஆட்டம் மட்டும் திக்குகிறது. இனி என்ன?

மற்ற ஆட்டங்கள் சீராக ஓடுகின்றன என்றால் உங்கள் கணினியைக் குறை சொல்வதை நிறுத்திவிடலாம். விலை உயர்ந்த கணினிகளிலும் திக்கும்படியே வெளியாகும் ஆட்டங்கள் உண்டு. அந்த ஆட்டத்தின் கோப்புகளை ஸ்டீமில் சரிபார்க்கும் வசதியை ஒருமுறை இயக்குங்கள். டிரைவரைப் புதுப்பித்த பின் தொடங்கிய திக்கல் என்றால் முந்தைய டிரைவருக்குத் திரும்புங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், ஸ்டீமில் வாங்கி 14 நாள்களுக்குள்ளும், ஆடிய நேரம் இரண்டு மணிக்குக் குறைவாகவும் இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆட்டத்தைத் திறந்தபின் ஷேடர்கள் தயாராகும் நேரமும், நீங்கள் மெனுவில் உட்கார்ந்து செட்டிங்ஸை மாற்றிப் பார்க்கும் நேரமும் அந்த இரண்டு மணியில் சேரும் என்பதால், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சோதியுங்கள்.